சோளக்காட்டுக்கு முன்னால் ஒரு டைட்டில் பாட்டு

ராஜி, செந்தில்,

போன பொங்கலுக்கு நீங்கள் இருவரும் வீட்டுக்கு வந்திருந்தபோது, பழைய டி.வி. தொடர்களின் டைட்டில் பாட்டுகளைக் கைபேசியில் ஒவ்வொன்றாகப் போட்டு, இது எந்த சீரியல் என்று எனக்குப் பரீட்சை வைத்தீர்கள். பாடுகிறவர் வாயைத் திறக்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. செந்தில் அடுக்களையைப் பார்த்து, "யம்மா, அப்பா ஒரு நாளும் வேலைக்குப் போகல. டி.வி. முன்னாலயேதான் கெடந்திருக்காவ" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

சிரித்தது சரிதான். ஆனால் அந்தப் பாட்டுகளைக் கேட்டதும் என் வேலையில் சேர்த்திதான். எப்படி என்று எழுதி வைக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது. பிழை இருந்தால் ராஜி திருத்திக்கொள்.

1. குழாய் கட்டப் பழகியது

நான் கோவில்பட்டியில் மைக் செட் கடையில் சேர்ந்தபோது எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஆம்ப்ளிபயர், கேசட் டெக், மைக், லாரி பேட்டரி, ஒயர்ச் சுருள், நாலு குழாய். இவ்வளவுதான் கடை. குழாய் என்றால் மரத்தில் கட்டும் கூம்பு ஸ்பீக்கர். அதன் பின்பக்கம் திருகி மாட்டுகிற குண்டுதான் யூனிட். சத்தம் அதிலிருந்துதான் வரும்.

முதல் நாள் கயத்தாறு பக்கம் ஒரு கல்யாண வீடு. வேப்பமரத்தில் ஏறிக் குழாயைக் கட்டிவிட்டு இறங்கினேன். அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தார்.

"ஏலே, வானத்தப் பாக்கக் கட்டிருக்க. கொக்கா வந்து மொய் எழுதப்போகுது? ஊரப் பாக்கக் கட்டுலே."

மறுபடி ஏறினேன். அன்று முதல், எங்கே போனாலும் குழாயின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்றுதான் என் கண் போகும்.

2. டைட்டில் கேசட்

அப்போதெல்லாம் விசேஷ வீட்டில் முதலில் சாமி பாட்டு, பிறகு சினிமா பாட்டு. தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு கேபிள் வந்தது. அதன் பிறகு பெண்கள் வந்து மெதுவாகக் கேட்க ஆரம்பித்தார்கள். "தம்பி, சாயங்காலம் ஒரு நாடகம் வருதுல்லா, அந்தப் பாட்டு வச்சிருக்கியளா?"

அந்தப் பாட்டுகள் கடையில் கேசட்டாகக் கிடைக்காது. டி.வி.யில் வரும்போது பிடித்தால்தான் உண்டு. முதலில் டி.வி. முன்னால் மைக்கைப் பிடித்துப் பதிவு செய்தேன். பாட்டோடு குக்கர் விசிலும் ராஜியின் இருமலும் சேர்ந்து பதிந்தன. அதைவிட மோசம், ஒரு பாட்டின் நடுவில் உங்கள் அம்மா, "சாப்பாடு எடுத்து வைக்கட்டா?" என்று கேட்டது அப்படியே விழுந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. ஒரு கல்யாண வீட்டில் அதைப் போட்டேன். தாலி கட்டி முடிந்த நேரம். நாலு குழாயிலும் உங்கள் அம்மா, "சாப்பாடு எடுத்து வைக்கட்டா?" என்றாள். முன்வரிசையில் இருந்த கூட்டம் துண்டை உதறிக்கொண்டு பந்திக்கு எழுந்துவிட்டது. சமையல்காரர் ஓடிவந்தார். "யாருவே கூப்பிட்டது? இன்னும் சாம்பாரே கொதிக்கல!"

அதற்குப் பிறகுதான் டி.வி.க்குப் பின்னாலிருந்து ஒயர் எடுத்து நேராக டெக்கில் கொடுத்தேன். சீரியல் தொடங்கும் நேரத்துக்கு டெக்கின் முன்னால் குந்தியிருப்பேன். முதல் இசை வந்ததும் பாஸ் பட்டனிலிருந்து விரலை எடுக்க வேண்டும். பாட்டு முடிந்து ஆட்கள் பேசத் தொடங்கும் முன் நிறுத்த வேண்டும். கரண்ட் போனால் மறுநாள்தான். இப்படியே ஒரு கேசட் சேர்ந்தது. அரசாங்க டி.வி.யில் செய்திக்கு முன்னால் வரும் இசை, ஞாயிற்றுக்கிழமை புராணத் தொடரின் பாட்டு, மதிய நேரத்து அழுகைப் பாட்டு, சாயங்காலக் குடும்பக் கதைகளின் பாட்டு எல்லாம் அதில் இருந்தன.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சாயங்காலப் பாட்டு. ஒரு பெண் வார்த்தையே இல்லாமல் ராகம் இழுப்பாள். அதன் பிறகு வீணை. அதன் பிறகு தபேலா வந்து சேரும். அந்தக் கதையில் மாமியாரும் மருமகளும் அடித்துக்கொண்டதெல்லாம் மறந்துவிட்டது. பாட்டு மறக்கவில்லை.

எங்கள் வட்டாரத்தில் மைக் செட் வைத்திருந்தவர்கள் பலர். டைட்டில் கேசட் என்னிடம் மட்டும்தான் இருந்தது. "அந்த சீரியல் பாட்டுக்காரர வரச்சொல்லுங்க" என்று கேட்டு வந்து கூப்பிடுவார்கள்.

3. காதுகுத்து வீடு

அதற்குள் கடையை அண்ணாச்சி என்னிடம் விட்டுவிட்டார். ஒரு தை மாதம். நாகலாபுரத்தைத் தாண்டி ஒரு கிராமம். ஆடு மேய்த்த குடும்பம், அப்போது விவசாயமும் பார்த்தார்கள். குலசாமி கோயில் ஊருக்கு வெளியே கரிசல் காட்டின் நடுவில். கோயிலுக்கு மேற்கே சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. சோளக்காட்டைத் தாண்டி ஒரு மொட்டைக் கிணறு, சுற்றுச்சுவர் கிடையாது. கிணற்றோரம் ஒற்றைப் பனை. வெளியூர் ஆட்கள் வண்டிப்பாதையில் வரும்போது சத்தத்தைக் கேட்டு வழி கண்டுபிடிக்கட்டும் என்று ஒரு குழாயை அந்தப் பனையில் கட்டுவது வழக்கம். அன்றும் அப்படித்தான் கட்டினேன். மற்ற மூன்றும் கோயிலைச் சுற்றி.

இரண்டு பிள்ளைகளுக்குக் காதுகுத்து. முதலில் ஒரு பையன். அவனுக்குப் பிறகு அவனுடைய சித்தி மகள் முத்துமாரி. நாலு வயது இருக்கும். நல்ல நேரம் சாயங்காலம்தான் அமைந்தது. தாய்மாமன் சுடலைமுத்து ஒரு கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பையனை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி ஊசியை வைத்தார். பையன் போட்ட அலறல் நாலு குழாயிலும் போய்க் காடெல்லாம் கேட்டது. அந்தச் சத்தம் அடங்கும் முன்பே தாய்மாமன் மைக்கில் கூப்பிட்டார்.

"அடுத்து முத்துமாரி! முத்துமாரியக் கூட்டிட்டு வாங்க!"

முத்துமாரியைக் காணோம்.

பந்தலுக்குள் தேடினார்கள். கோயிலுக்குப் பின்னால், வண்டிக்கு அடியில் தேடினார்கள். சோளக்காட்டின் ஓரத்தில் அவள் பாவாடை இடுப்பில் கட்டியிருந்த ரிப்பன் கிடந்தது. அவ்வளவுதான், ஆண்கள் எல்லோரும் காட்டுக்குள் இறங்கிவிட்டார்கள். "ஏட்டி முத்துமாரி! முத்துமாரி!" என்று சோளத் தட்டைகளை முறித்துக்கொண்டு நாலாபக்கமும் ஓடினார்கள். ஒரு ஆள் கிணற்றுப் பக்கம் ஓடினார். தாய்மாமன் மைக்கை விடவே இல்லை. "முத்துமாரி, மாமா கூப்பிடுதேன், வந்துரு தாயி!" பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பிள்ளையின் காதில் என்ன விழும்? ஊசி குத்துவதற்குக் கூப்பிட்ட அதே குரல், அதே மைக், அதே பேர். கூப்பிடக் கூப்பிட அவள் உள்ளேதான் போவாள். உள்ளே போனால் அந்தப்பக்கம் கிணறு.

அவளுடைய அம்மா பேச்சியம்மாள் வரப்பில் நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போனேன்.

"தாயி, பிள்ள வெளையாடிக்கிட்டு இருக்கும்போது எதுக்கு ஓடியாருவா? என்ன சொன்னா வருவா?"

"நான் சொன்னா எங்க கேக்கா, அண்ணாச்சி! தெருவுல எங்க கெடந்தாலும் அந்தச் சாயங்கால சீரியலு பாட்டு வந்தா ஓடியாந்து மடியில உக்காந்துருவா. அந்தப் பாட்டு ஓடுத நேரத்துலதான் நான் நாலு வாய் ஊட்டுவேன். பாட்டு முடிஞ்சா எந்திச்சுப் போயிருவா."

"எந்தப் பாட்டு? ஒரு பொம்பள ராகம் இழுக்குமே, பெறவு வீணை வரும், அதா?"

"அதேதான்."

தாய்மாமன் கையிலிருந்த மைக்கை வாங்கப் போனேன். அவர் விடவில்லை.

"ஏலே மைக் செட்டு, பிள்ளையக் காணும்னு ஈரக்கொல நடுங்குது. ஒனக்கு இப்பப் பாட்டுக் கேக்குதோ?"

"அண்ணாச்சி, ஒங்க சத்தத்துக்குப் பயந்துதான் பிள்ள உள்ள போகுது. ஆளுகள எல்லாம் வெளிய வரச் சொல்லுங்க. கெணத்துப் பக்கம் நிக்கவர் மட்டும் அங்கனயே வாயத் தொறக்காம நிக்கட்டும்."

"பாட்டுப் போட்டு வரலன்னா?"

பேச்சியம்மாள்தான் அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அண்ணே, கொடுங்க அவியகிட்ட. எம்பிள்ளைய எனக்குத் தெரியும்."

அவர் ஆட்களை வெளியே வரச் சொல்லிவிட்டு மைக்கை என்னிடம் கொடுத்தார், அணைத்தேன். ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து வரப்பில் உட்கார்ந்தார்கள். நான் முதலில் ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் பனைமரத்து ஒயரைப் பிடுங்கினேன். அந்தக் குழாய் பாடினால் பிள்ளை கிணற்றுக்குத்தான் போகும். கோயிலைச் சுற்றியிருந்த மூன்றில் இரண்டின் ஒயரையும் பிடுங்கினேன். மிச்சம் ஒன்றே ஒன்று. அதை மரத்திலிருந்து அவிழ்த்துத் தரையில் வைத்து, வாயைச் சோளக்காட்டுக்குத் திருப்பினேன். சத்தம் உயரத்திலிருந்து வரக்கூடாது, வீட்டில் டி.வி. பெட்டியிலிருந்து வருவது மாதிரி வர வேண்டும் என்று எனக்குப் பட்டது.

பேச்சியம்மாள் நான் சொல்லாமலேயே ஒரு காரியம் செய்தாள். பந்தியிலிருந்து ஒரு தட்டில் சோறு வாங்கிவந்து, குழாய்க்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.

கேசட்டைப் போட்டேன். முதலில் மெதுவாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சத்தத்தைக் கூட்டினேன். அந்தப் பெண் ராகம் இழுத்தாள். வீணை வந்தது. தபேலா வந்தது. பாட்டு முடிந்தது. சோளம் அசையவில்லை.

ரீவைண்ட் செய்தேன். டெக் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. தாய்மாமன் என் தோள்பக்கம் வந்து, "என்னவே?" என்றார். நான் வாயில் விரலை வைத்தேன். மறுபடி பாட்டு. மறுபடி முடிந்தது. எத்தனை தடவை ஓட்டினேன் என்று நினைவில்லை. ஒவ்வொரு தடவையும் பாட்டு முடியும் இடத்தில் சரியாக நிறுத்தினேன். அடுத்த பாட்டு ஒரு நொடி வந்தாலும், முடிந்துவிட்டது என்று பிள்ளை நின்றுவிடும். என் விரல் வேர்த்துப் பட்டன் வழுக்கியது.

பேச்சியம்மாள்தான் முதலில் பார்த்தாள். தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் காட்டினாள். நாங்கள் எதிர்பார்த்த இடத்தில் இல்லை, வெகுதூரம் தள்ளித் தெற்கு மூலையில் தட்டைகள் ஆடின. பட்டுப்பாவாடை முழுக்கக் கரிசல் மண்ணோடு முத்துமாரி வெளியே வந்தாள். வரப்பில் இருந்த ஒருவரும் எழவில்லை. அவள் யாரையும் பார்க்கவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்விட வேண்டும் என்று குடுகுடுவென்று ஓடிவந்து, அம்மா மடியில் உட்கார்ந்து, வாயைத் திறந்தாள்.

பேச்சியம்மாள் சோற்றை உருட்டி வாயில் வைத்தாள். அந்த ஒரு வாயை ஊட்டிய பிறகுதான் பிள்ளையைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள்.

முத்துமாரி மென்றுகொண்டே கேட்டாள்: "யம்மா, அந்த ஊசித் தாத்தா போயிட்டாவளா?"

ஆசாரி பெட்டியைத் தூக்கிக் கக்கத்தில் ஒளித்துக்கொண்டு, "போயிட்டாவ தாயி, எப்பவோ போயிட்டாவ" என்றார். அத்தனை பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். தாய்மாமன், "காது எங்கயும் ஓடிப்போகாது, அடுத்த வருசம் குத்திக்கிடலாம்" என்று முடித்துவிட்டார்.

பிறகு அவர் என்னிடம் வந்தார். தாய்மாமனுக்கென்று எடுத்து வைத்திருந்த மாலையை எனக்குப் போட வந்தார். நான் கூச்சப்பட்டுப் பின்னால் நகர்ந்தேன். "ஒமக்கு வேண்டாம்னா போம்வே" என்று சொல்லி அதைக் கொண்டுபோய்க் குழாயின் கழுத்தில் போட்டார். சந்தனமும் குங்குமமும் வைத்தார். விசேஷ வீட்டில் என்னென்னவோ மரியாதை பார்த்திருக்கிறேன். குழாய்க்கு மாலை விழுந்ததை அன்றுதான் பார்த்தேன். அந்த வருசமெல்லாம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டு விசேஷத்துக்கும் நான்தான் போனேன்.

4. தெரிந்துகொண்டது

ராஜி, நீ பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாய். செந்தில், நீ கடையில் நாள் முழுக்க ஆட்களோடு பேசுகிறாய். உங்கள் வேலைக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். நாலு குழாயைக் கட்டிக் கத்தினால் எல்லோருக்கும் கேட்கும். கேட்கிறவர் வருவாரா என்பது வேறு. வர வேண்டியவருக்கு எது வீட்டுச் சத்தம் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். நான் அந்தத் தாயிடம் போய்க் கேட்டது ஒரே ஒரு கேள்வி. என் தொழிலில் நான் செய்ததிலேயே பெரிய வேலை அந்தக் கேள்விதான் என்று பெருமையாகவே சொல்லுவேன்.

அந்தக் காதுகுத்து வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் காலையில் கடையை நான் மட்டும் திறந்தேன். ஒயரைச் சுற்றி வைத்துவிட்டு, டெக்கிலிருந்து கேசட்டை வெளியே எடுத்தேன். சீரியல் ஓடி முடிந்தால் அதன் பாட்டை யாரும் கேட்கமாட்டார்கள். அதை அழித்து அதன் மேலேயே புதுப் பாட்டைப் பதிவதுதான் எங்கள் வழக்கம். கேசட்டின் விளிம்பில் இரண்டு ஓரத்திலும் சின்னதாகப் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன் மேல் வேறு எதையும் பதிய முடியாது.

டெஸ்டரை எடுத்து நெம்பினேன். முதலில் ஒரு பக்கம். பிறகு மறுபக்கம்.