அருவிக்கு வந்தவருக்குக் கட்டிய குளிமுறி

தென்காசியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கிற குளிமுறியைப் பார்ப்பவர்கள் யாரும், "குற்றாலிங்கம் அண்ணாச்சி எவ்வளவு யோசனையாகக் கட்டியிருக்கிறார்" என்று சொல்லாமல் போவதில்லை. கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் என் புருஷனின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிட வேண்டியவர். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் செய்யாத காரியத்துக்குப் புகழ் வாங்கிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால், அதை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது?

அந்தக் குளிமுறி அவருடைய மனைவி செண்பகவல்லி அக்காவுடையது. அவள் கதையைச் சொன்னால்தான் அது விளங்கும்.

அக்கா செங்கோட்டையில் பிறந்தவள். அங்கே குளிக்கிற அறைக்குக் குளிமுறி என்றுதான் பெயர். அவள் அப்பா வீட்டில் அது கிணற்றை ஒட்டியே இருந்தது. உள்ளே நின்றபடியே வாளியை இறக்கித் தண்ணீர் சேந்திக் குளித்துவிட்டு, ஈரத்தை அங்கேயே மாற்றிக்கொண்டு வெளியே வரலாம். பதினேழு வயதில் தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் நடுவே இருப்பது மலையாளச் சமஸ்தானத்து எல்லை ஒன்றுதான். தூரம் சில மைல். அந்தச் சில மைலைத் தாண்டி வந்தவளுக்குக் குளிக்கக் கிடைத்தது கிணற்றடியில் ஒரு துவைகல்லும், மூன்று பக்கம் தென்னந்தட்டியும், மேலே ஆகாசமும்.

வந்த வாரமே அத்தானிடம் கேட்டிருக்கிறாள். அவர் சொன்ன பதில் வீட்டில் பல வருஷம் வேடிக்கையாக ஓடியது.

"ஊரு ஒலகமே குளிக்கதுக்கு இங்கன வருது. ஒனக்குக் குளிக்க எடம் இல்லையாக்கும்? மலையாளத்து வழக்கத்தையெல்லாம் செங்கோட்டையிலேயே வச்சிட்டு வா."

அவருக்கு அது உண்மைதான். விடிந்ததும் ஒற்றை மாட்டு வண்டி பூட்டிக் குற்றாலத்துக்குப் போவார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் ஒரு மணி நேரம் நிற்பார். திரும்பி வரும்போது பசி வண்டிக்கு முன்னால் வரும். நாங்கள் அதற்குள் இட்டிலி அவித்து வைத்திருக்க வேண்டும். பெண்களைச் சீசனுக்கு இரண்டு தடவை கூண்டு வண்டியில் அழைத்துப் போவார்கள். மீதி முந்நூற்றுச் சொச்சம் நாளும் எங்களுக்கு ஓலைத் தட்டி.

ஆனி, ஆடியில் வெளியூர்க்காரர்கள் ஆசைப்பட்டு வருகிற சாரல் இருக்கிறதே, அது எங்களைப் பாடாய்ப்படுத்தும். காற்று தட்டியைப் பிய்க்கும். ஒரு கையால் தட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தண்ணீர் மோந்து ஊற்ற வேண்டும். தேங்காய் வெட்டுகிற நாள் என்றால் மரத்தில் ஆள் இருக்கிறானா என்று முதலில் அண்ணாந்து பார்த்துக்கொள்ள வேண்டும். மாற்றுச் சேலை கட்டுவதற்கு முன்பே நனைந்திருக்கும். கல்லைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று பாசி.

கல்யாணமான மூன்றாம் வருஷம், ஆறு மாதக் கர்ப்பத்தில், அக்கா அந்தப் பாசியில் வழுக்கி விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. பிறகு அவளுக்குப் பிள்ளையே இல்லை. அத்தான் அன்றைக்குச் சொன்னது ஒரே வார்த்தை: "பாத்து நடக்கக் கூடாதா?" கல்லை மாற்றவில்லை, ஒரு கூரை போடவில்லை, அந்தப் பாசியைச் சுரண்டக்கூட ஓர் ஆளை அனுப்பவில்லை. படுக்கையிலிருந்து எழுந்த பிறகு அக்காவே வெள்ளிக்கிழமைதோறும் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தாள். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோதும் தேய்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பதினோரு வருஷம் கழித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தில், அத்தான் திடீரென்று கொத்தனார் பிச்சையாவைக் கூட்டிவந்து கொல்லையில் கயிறு பிடித்தார். குளிமுறி கட்டப்போகிறார்! அக்காவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கிணற்றுப் பக்கம் ஒரு வாசல் வேண்டும், உட்கார ஒரு கல் வேண்டும் என்று பிச்சையாவிடம் சொல்லப் போனாள். பிச்சையா தலையைச் சொறிந்தார்.

"இது வீட்டுப் பொழக்கத்துக்கு இல்லையாமே, ஆச்சி. சீசனுக்கு யாரோ பெரிய அதிகாரி வந்து தங்கப்போறாராம். அண்ணாச்சி அவருக்காவத்தான் கெட்டச் சொல்லுதாரு."

அதிகாரி வந்து தங்கினால் தெருவில் மதிப்பு. அதற்காக எழுந்தது அந்தக் கட்டடம். ஓட்டுக் கூரை, சுண்ணாம்புச் சுவர், கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிய சிவப்புச் சிமெண்டுத் தரை. அதிகாரி உயரமானவர் என்று கேள்வி. அதனால் சோப்பு வைக்கிற பலகை என் தலைக்கு மேலே. அவர் மலையைப் பார்த்துக்கொண்டே குளிக்கட்டும் என்று ஆள் உயரத்துக்குக் கதவில்லாத ஜன்னல் ஒன்று. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும், பூட்டுப் போட்டு வைப்பதற்குத் தோதாக.

அதிகாரி வந்தார். பதினொரு நாள் இருந்தார். ஒரு நாள்கூட அதில் குளிக்கவில்லை. குற்றாலத்துக்கு வருகிறவர் எதற்கு ஐயா வருவார்? விடியற்காலையில் ஐந்தருவி, சாயங்காலம் பெரிய அருவி. ஈரத் துண்டைக் காயப் போடுவதற்கு ஒரே ஒரு முறை அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தார். "அடேயப்பா, தரை வழுக்குமே" என்று சொல்லிவிட்டுத் துண்டைக் கொடியிலேயே போட்டுவிட்டார். அருவிக்கரையில் பிறந்து வளர்ந்து தினமும் அருவியில் நிற்கிற அத்தானுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று நானும் அக்காவும் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

சிரிப்பு அதோடு போயிற்று. அதிகாரி ஊருக்குப் போனதும் அத்தான் குளிமுறியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அடுத்த சீசனுக்கு வேறு யாராவது வருவார்களாம். ஒரு சொட்டுத் தண்ணீர் படாத குளிமுறி கொல்லையில் நிற்க, அதன் சுவருக்குப் பக்கத்திலேயே தட்டி மறைப்பில் நாங்கள் ஒரு வருஷம் குளித்தோம்.

மறு வருஷம் ஆடியில் நான் ஆறு மாதம். ஒரு நாள் காலை சாரலில் தட்டியைப் பிடிக்கப் போய்க் கால் வழுக்கியது. கிணற்றுக் கயிறு கைக்கு அகப்பட்டது. இல்லாவிட்டால் நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். அக்கா ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்தாள். நான் அழுதேன்.

"என்னால இங்கன குளிக்க முடியாதுக்கா. அந்தப் பூட்டைத் தொறக்கச் சொல்லுங்க. உங்களக் கும்பிடுதேன்."

அக்கா என்னை உள்ளே உட்கார வைத்துவிட்டு, வண்டியில் ஏறப்போன அத்தானிடம் போய்ச் சாவியைக் கேட்டாள்.

"அடுத்த வாரம் ஆளு வருது. பொம்பளைக பொழங்குன எடத்துல அவுகள எப்படி விட? ஒனக்குப் புத்தி இருக்கா?" என்றார். வண்டி குற்றாலத்துக்குப் போய்விட்டது.

தெருவில், "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று குரல் கேட்டது. தேய்ந்துபோன அம்மிகளை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கித் தருகிற சந்தனமாரி. அக்கா அவளைக் கொல்லைக்குக் கூட்டிவந்தாள். அம்மியைக் காட்டவில்லை, சுத்தியலை வாங்கினாள். நாலே அடியில் பூட்டு தெறித்தது. கதவைத் திறந்து தரையைக் காட்டினாள்.

"இதைக் கொத்து."

சந்தனமாரி பயந்துபோனாள். "ஆச்சி, மொகம் பாக்கலாம் போல இருக்கு தரை. இதையா கொத்தச் சொல்லுதீக? அண்ணாச்சி என்னைய வைய மாட்டாகளா?"

"வையதுன்னா என்னைய வையட்டும். அம்மிக்கு எப்படிக் கொத்துவியோ அப்படியே கொத்து. ஒரு வெரக்கடை விடாத."

இரண்டு மணி நேரம் உளிச் சத்தம். சிவப்புத் தூள் பறந்தது. மூலையில் தண்ணீர் போகிற துவாரத்தையும் அகலமாக்கினாள். அந்தத் தாழ்ப்பாளை அக்கா தன் கையாலேயே நெம்பிக் கழற்றி, கதவின் உள்பக்கம் வைத்து ஆணி அடித்தாள். ஜன்னலின் கீழ்ப்பாதியைப் பழைய பலகையால் மூடினாள். வெந்நீர் விளாவி என்னைக் குளிப்பாட்டினாள். தலைக்கு மேலே கூரை, காலுக்குக் கீழே பிடிமானம். ஒரு பெண் இதைக் கேட்டுப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது.

அத்தான் திரும்பி வந்தார். தரையைப் பார்த்தார். அம்மை வார்த்த முகம் மாதிரி இருந்தது அது. தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"ஏட்டி, யாரைக் கேட்டுக் கொத்துனே?"

அக்கா நனைந்த சேலையோடு நின்றாள். "கெணத்தடியில விழுந்து எம்புள்ளையைப் பறிகுடுத்தேன். அன்னைக்கு யாரைக் கேட்டு விழுந்தேன்?"

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ கேட்டியா இதை?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? இல்லை என்று தலையை ஆட்டினேன். யாருக்காக அவள் பூட்டை உடைத்தாளோ, அந்த நான். அக்கா என்னை ஒரு தரம் பார்த்தாள். அவ்வளவுதான்.

ஒரு மாதம் அவர் அவளோடு பேசவில்லை. வரவிருந்த ஆளுக்கு ஏதோ சாக்குச் சொல்லிக் கடிதம் போட்டார். எனக்கு ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. அந்தத் தரையில் உட்கார்ந்து அக்காதான் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். பிறகு பிச்சையாவை அழைத்துப் பலகையைக் கைக்கு எட்டும்படி இறக்கினாள், உட்காரக் கல் போட்டாள், கிணற்றுப் பக்கம் வாசல் உடைத்தாள், பிடித்து எழுந்திருக்கச் சுவரில் ஒரு மரக்கட்டை பதித்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை. அத்தான் முறைப்பார், பிறகு அருவிக்குப் போய்விடுவார்.

போன வருஷம், நாற்பத்து நாலில், அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயிற்று. வாயும் கொஞ்சம் கோணிவிட்டது. இனி எந்த அருவி? தினமும் அக்காதான் அக்குளில் கைகொடுத்து அவரைக் குளிமுறிக்கு நடத்திப் போனாள். அந்தக் கல்லில் உட்கார்ந்தார். அந்த மரக்கட்டையைப் பிடித்து எழுந்தார். கொத்திய தரை அவர் காலை வழுக்கவிடவில்லை.

ஒரு நாள் ஆலங்குளத்திலிருந்து அவருடைய ஒன்றுவிட்ட தம்பி அய்யாக்குட்டி பார்க்க வந்தார். அக்கா அத்தானைக் குளிக்க நடத்திப் போகிற நேரம். அய்யாக்குட்டி குளிமுறியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாசலில் நின்றார்.

"அண்ணாச்சி, வயசான காலத்துக்கு ஒதவும்னு அன்னைக்கே யோசிச்சுத் தரையைக் கொத்தி, பிடிக்கக் கட்டையெல்லாம் வச்சுக் கெட்டியிருக்கியளே! யாருக்கு வரும் இந்த மூளை?"

அத்தான் என்ன செய்தார் தெரியுமா? கோணின வாயால், "ஆமா" என்றார். அக்கா அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. கொழுந்தனார், விருந்தாளி என்றெல்லாம் பார்க்கவில்லை.

"அவுக கெட்டுனது அதிகாரிக்கு. பொம்பளை பொழங்கக் கூடாதுன்னு பூட்டி வச்சிருந்தாக. அந்தப் பூட்டை ஒடைச்சதும் தரையைக் கொத்துனதும் எங்க அக்கா. ஒடைக்கச் சொல்லி அழுதது நான். அத்தான், அன்னைக்கு நீங்க கேட்டப்ப இல்லைன்னு தலைய ஆட்டினேன். பொய். நான்தான் கேட்டேன்."

அய்யாக்குட்டி தரையைப் பார்த்தார். அத்தான் சுவரைப் பார்த்தார். அக்கா மட்டும் என்னைப் பார்த்தாள், அன்றைக்குப் பார்த்த அதே பார்வை.

"இதைச் சொல்ல ஒனக்கு எட்டு வருசம் ஆச்சு, ஏட்டி" என்றாள்.

பிறகு அவரை உள்ளே நடத்திப் போய்க் கல்லில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.