பெரியப்பாவின் சாண்

எங்கள் குளத்தில் தூண்டில் போட ஐந்து சட்டங்கள் உண்டு. ஐந்தையும் போட்டவர் என் பெரியப்பா. தென்காசிக் கோர்ட்டில் முப்பது வருஷம் டவாலியாக நின்று, வாதி பேரையும் பிரதிவாதி பேரையும் மூன்று மூன்று தடவை கூவியவர். ஓய்வு பெற்ற கையோடு ஊர்க்குளத்து மீன் குத்தகையை எடுத்தார். வேறு குத்தகைக்காரர் என்றால், தூண்டிலோடு வருகிற பயல்களைக் கம்பை எடுத்துக்கொண்டு விரட்டுவார். பெரியப்பா விரட்டவில்லை. உட்கார்ந்து சட்டம் எழுதினார்.

ஒரு பழைய தகரத்தில் வெள்ளைப் பெயின்டால் எழுதி, மதகுக்குப் பக்கத்து வேப்பமரத்தில் ஆணியடித்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஆளுக்கு ஒரு தூண்டில்தான், வலை, வேட்டி, துண்டு எதுவும் ஆகாது. குஞ்சுக் கூட்டத்தோடு திரிகிற விராலைப் பிடிக்கக் கூடாது. ஒரு சாணுக்குக் குறைந்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விட வேண்டும். ஐந்தாவதுதான் பொல்லாதது. தொடர்ந்து மூன்று ஞாயிறு சட்டப்படி ஒரு மீன்கூடப் பிடிக்காதவன் அந்த வருஷம் முழுக்கக் குளத்தில் தூண்டில் போடக் கூடாது. சும்மா வந்து கரையை மிதித்துச் சேறாக்குகிறவர்களை ஒழிக்க அதை எழுதினார். கோர்ட் வாசனை போகாத மனுஷர் அதை "மூணு வாய்தா" என்பார்.

சாண் என்றால் யாருடைய சாண்? பெரியப்பாவுடையதுதான். அவர் கை சாதாரணக் கை இல்லை. உரித்த முழுத் தேங்காயை மேலிருந்து ஒரே கையால் கவ்வித் தூக்குவார். பிடித்த மீனை மதகுக் கல்லில் கிடத்தி, கட்டைவிரலை மீன் வாயில் வைத்து, கையை விரித்துப் படுக்க வைப்பார். பாதி மீன்களுக்கு வால் முடிந்த பிறகும் அவருடைய சுண்டுவிரல் போய்க்கொண்டே இருக்கும். "தள்ளுபடி!" என்று ஒரு சத்தம். மீன் குளத்துக்குள் விழும். பயல் முகம் தொங்கிப்போகும். தம்பி மகன், அக்கா மகன் என்று யாருக்கும் ஒரு நூல்கூட இளகமாட்டார்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. இரண்டு வருஷமாக என் அண்ணனுக்கு மண்புழு தோண்டிக் கொடுப்பது என் வேலை. தொழுவத்துக்குப் பின்னால் தோண்டி, பவுடர் டப்பாவில் போட்டு, அதைச் சுமந்துகொண்டு அவன் பின்னாலேயே போவேன். ஒருநாள், "எண்ணே, ஒரே ஒரு தடவ நான் புடிச்சுப் பாக்கேன்" என்று கம்பைக் கேட்டேன். "நீ புழு தோண்டத்தான் லாயக்கு. ஏட்டி, போ" என்றான். பக்கத்தில் இருந்த பயல்கள் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே ஒரு மூங்கில் கம்பு வெட்டி, நைலான் நரம்பு கட்டி, முள் கோத்து, மயிலிறகுத் தண்டில் தக்கை செய்து, அவனுக்கு முன்னாலேயே மதகில் போய் நின்றேன்.

பெரியப்பா என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, நீ எங்கன வந்த?"

"தூண்டி போட வந்தேன் பெரியப்பா."

"பொட்டப்பிள்ள வந்து நின்னா மீன் கடிக்காது. வீட்டுக்கு வெரட்டுங்க பெரியப்பா" என்று அண்ணன் ஓடி வந்தான்.

"பொட்டப்பிள்ள போடக் கூடாதுன்னு தகரத்துல எங்கன எழுதியிருக்கு?" என்றேன்.

பெரியப்பா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். வேப்பமரத்தடிக்குப் போனார். தானே எழுதிய ஐந்தையும், அடுத்தவன் எழுதிய பத்திரத்தைப் படிக்கிற மாதிரி, மேலிருந்து கீழே படித்தார். திரும்பி வந்து, "எழுதல" என்றார். "எழுதாதத நான் சொல்ல முடியாது. போடு. ஆனா அஞ்சாவது சட்டம் ஒனக்கும் உண்டு. ஆமா, சொல்லிட்டேன்."

விஷயம் வீட்டுக்கு எட்டியதும் அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். "ஏட்டி மூதி, வயசுக்கு வரப்போற பிள்ளைக்குக் குளத்தங்கரையில என்ன சோலி? அத்தானும் இதுக்குச் சரின்னு நிக்காகளா?" அம்மாவுக்குப் பெரியப்பா அத்தான் முறை. அவரிடமே போய்க் கேட்டாள். "மூணு வாய்தாதான். அவளாவே வந்துருவா" என்று அவர் சொன்னாராம். அம்மாவுக்கு அது போதுமாயிருந்தது. "மூணு வாரம். அதுல ஒண்ணும் கிடைக்கலன்னா இந்த வருஷம் இல்ல, எந்த வருஷமும் குளத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது" என்றாள். எனக்கோ பிடித்தே தீருவது என்று ஆகிவிட்டது.

முதல் ஞாயிறு ஒரு நண்டு வந்து புழுவைத் தின்றுவிட்டுப் போனது. இரண்டாவது ஞாயிறு ஒரு கெண்டை மாட்டியது. தரையில் கால் பாவாமல் ஓடினேன். பெரியப்பா கையை வைத்தார். மூன்று விரல் குறை. "தள்ளுபடி!" அதே சத்தம்தான். எனக்கென்று கொஞ்சம் மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு அண்ணனுடைய மீனும் தள்ளுபடிதான், என்னுடையதைவிடப் பெரியது. அவன் தன் மீனுக்கு அழவில்லை, என் மீனுக்குச் சிரித்தான்.

நான் விடவில்லை. பெரியப்பா மத்தியானம் தூங்குகிற நேரம் பார்த்து, நார்க்கட்டிலில் விரிந்து கிடந்த அவர் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்து அளந்தேன். என் சாணும் நாலு விரலும் சேர்ந்தால் பெரியப்பாவின் சாண். அந்த வாரம் முழுக்கப் புத்தகம், டிபன்பாக்ஸ், தோசைக்கரண்டி எல்லாவற்றையும் சாணும் நாலு விரலுமாகவே அளந்துகொண்டு திரிந்தேன். கணக்கு வாத்தியார் என்னவென்று கேட்டார். மீன் என்றேன். பெஞ்சில் ஏற்றிவிட்டார்.

மூன்றாவது ஞாயிறு குற்றாலத்து மலை கண்ணுக்கே தெரியவில்லை. அங்கே சாரல் என்றால் எங்களுக்கும் கொஞ்சம் தூவும். அருவியில் குளிக்கப் போகிற கார்களும் பஸ்களும் ரோட்டில் சாரி சாரியாகப் போய்க்கொண்டிருந்தன. நான் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு காலை ஏழு மணிக்கே உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் சோற்றுக்குப் போகவில்லை. தக்கை அசையவில்லை. அண்ணன் இரண்டு மீன் பிடித்துப் பாஸ் பண்ணிவிட்டு, என் பக்கமாக நடந்து போய்ப் போய் வந்தான்.

மூன்று மணி இருக்கும். என் தக்கைக்கு ஒரு முழம் தள்ளித் தண்ணீர் சிவந்து கொதித்தது. விரால் குஞ்சுகள். நூறு இருநூறு இருக்கும், ஒரே கூட்டமாக. அதற்கு அடியில் தாய் விரால் இருக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குஞ்சுக்குப் பக்கத்தில் எது விழுந்தாலும் அது பாய்ந்து கவ்வும். பசிக்காக இல்லை, காவலுக்காக. ஒரு தடவை முதுகு தெரிந்தது. ஆத்தாடி! பெரியப்பாவின் சாணில் இரண்டு தேறும். சுற்றிலும் பார்த்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. பெரியப்பா எதிர்க்கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கம்பை ஒரு முழம் நகர்த்தினால் போதும்.

நான் நரம்பைச் சுருட்டிக்கொண்டு எழுந்து, இருபதடி தள்ளிப் போய் உட்கார்ந்தேன். தாய் மீன் மேல் இரக்கம் என்று யாராவது நினைத்தால் அது சும்மா. எனக்கு வந்தது வீம்பு. மூன்றாவது சட்டத்தை மீறி ஜெயித்தேன் என்று அண்ணன் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவானே, அந்த வீம்பு. எழுந்து நடக்கும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. எதிர்க்கரையில் குடை இப்போது என் பக்கம் திரும்பியிருந்தது. சாரல் திசை மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்து மணிக்குத் தக்கை முங்கியது. இழுத்தேன். ஜிலேபி மீன். மடியில் போட்டு முதலில் நானே அளந்தேன். என் சாணும் இரண்டு விரலும். மறுபடி அளந்தேன். அதே இரண்டு விரல்தான். இன்னும் இரண்டு விரலுக்கு எங்கே போவேன்? அதற்குள் பெரியப்பா கரையைச் சுற்றி மதகுக்கு வந்துவிட்டார். கோர்ட்டில் கூவுகிற அதே ராகத்தில் என் பேரை மூன்று தடவை கூப்பிட்டார். "மூணாவது வாய்தா. இருக்கத எடுத்துட்டு வாட்டி."

போனேன். மீனைக் கல்லில் வைத்தேன். எல்லாப் பயல்களும் சுற்றி நின்றார்கள். பெரியப்பா குனிந்து கட்டைவிரலை மீன் வாயில் வைத்தார். கை படிந்தது. ஆனால் எப்போதும்போலத் தட்டையாக இல்லை. நடுவில் கொஞ்சம் மேடிட்டு, தவளை உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஜிலேபியின் முதுகுமுள் குத்திவிடும் என்று தூக்கிப் பிடிக்கிறார் போல என்று நினைத்தேன். சுண்டுவிரல் நகம் வால் நுனியில் போய் நின்றது.

"சரியா இருக்கு" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் காதே கேட்கவில்லை. பிறகு மீனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். மழையில் நனைந்து என் விரல்தான் ஊதியிருக்க வேண்டும், அதனால்தான் என் அளவு தப்பிவிட்டது என்று ஓடுகிறபோதே தீர்மானித்தும்விட்டேன். அம்மா அரிவாள்மணையை எடுத்தாள். அன்று ராத்திரி குழம்பில் தலைத்துண்டு எனக்கு வந்தது. அதுவரை அது அண்ணனுக்குத்தான் வரும்.

அண்ணன் ஒரு வாரம் பொறுத்தான். அடுத்த ஞாயிறு எல்லோர் முன்னாலும் பெரியப்பாவிடம் கேட்டான்: "அவ மீனு பாஸாச்சுல்லா, அதுக்கு முந்தின வாரம் என் மீனும் அதே அளவுதான் இருந்துச்சு. அதத் தள்ளுபடின்னீங்க. ஒங்க கை வாரத்துக்கு ஒரு மாதிரியா இருக்குது?"

பெரியப்பாவை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அடி விழும் என்று நான் ஒதுங்கினேன். அடிக்கவில்லை. அவர் இடுப்பில் துண்டுக்குள் ஓர் உளியும் சுத்தியலும் கொண்டு வந்திருந்தார். அண்ணன் கேட்பதற்கு முன்னாலேயே கொண்டு வந்திருந்தார். மதகுக் கல்லில் கையை வைத்தார். கட்டைவிரல் நுனியில் ஒரு கோடு, சுண்டுவிரல் நுனியில் ஒரு கோடு. கரித்துண்டால் அடையாளம் போட்டுவிட்டு, அரைமணி நேரம் கொத்தினார். வியர்த்து வழிந்தது.

"இனிமே என் கை கிடையாது. இந்தக் கல்லுதான் சாண்" என்றார். "ஒனக்கும் இதான், அவளுக்கும் இதான், எவன் வந்தாலும் இதான். போலே, போய்ப் போடு."

அன்றைக்கு அண்ணன் பிடித்த மூன்றும் பாஸ். எனக்கு ஒன்று. அதற்குப் பிறகு தள்ளுபடிச் சத்தமே அபூர்வமாகிவிட்டது. நல்ல மழை, நல்ல தண்ணீர், இந்த வருஷம் எங்கள் குளத்து மீனெல்லாம் பெருத்துப் போயிருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

போன ஆவணியில் அண்ணன் பேத்தியின் காதுகுத்துக்குப் போனபோது, அப்படியே மதகு வரை நடந்தேன். இரண்டு கோடும் அப்படியே இருக்கின்றன. சும்மா என் கையை வைத்துப் பார்த்தேன். என் கட்டைவிரல் ஒரு கோட்டிலும் சுண்டுவிரல் இன்னொரு கோட்டிலும் அச்சாக உட்கார்ந்தன. என் கையால் தேங்காயைக் கவ்வித் தூக்க முடியாது. ஒருத்திக்காக ஒரு தடவை வளைத்ததை, பெரியப்பா ஒரு வாரம் கழித்து ஊருக்கே பொதுவாக்கிக் கல்லில் வெட்டியிருக்கிறார்.

உளி கொத்திய அன்றும் அந்தக் கை மேடிட்டுத்தான் இருந்தது. நான் முன்வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மீனுக்காவது முள் உண்டு. கல்லுக்கு ஏது முள் என்று எனக்கு அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.