கிணற்றின் மேல் நின்ற தூபி

எங்கள் வீட்டையும் வளவையும் ஆமி திருப்பித் தந்த அன்று பந்தல் போட்டு, குத்துவிளக்கு வைத்து, மேளமும் பிடித்திருந்தார்கள். பறித்ததைத் திருப்பிக் கொடுக்க இவ்வளவு மரியாதை வேறெந்தக் கள்ளனுக்கும் கிடைத்திருக்காது.

விளக்கேற்ற வந்தவர் எங்கள் எம்.பி. தேர்தலுக்கு முதல் கோப்பாயில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்கு வந்து, அக்காவின் கையைப் பிடித்துக் கண்கலங்கிய அதே மனிதர். "அக்கா, உங்கடை மனுசனுக்கு என்ன நடந்ததெண்டு கண்டுபிடிக்காமல் நான் ஓயமாட்டன்" என்றார். அக்கா அவருக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். அந்தத் தேத்தண்ணீரை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

சண்டைக் காலத்தில் எங்கள் வீடுதான் ஆமி முகாம். அத்தானைச் சோதனைச் சாவடியில் சைக்கிளோடு மறித்தவர்கள் அங்கேதான் கொண்டுபோனார்கள். உயிரோடு வெளியே வந்த ஒருவர், அத்தானைக் கிணற்றடியில் கட்டிவைத்து அடித்ததைக் கண்டதாக அக்காவிடம் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. எங்கள் பக்கத்தில் விட்டுப்போன வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் அடுப்பு மூட்டுவதற்கு முன் கிணறு இறைப்பார்கள். பழைய தண்ணீரை இறைத்து, சேறு வாரி, புது ஊற்று வந்த பிறகுதான் குடிப்பார்கள். அக்காவும் வளவு கிடைத்தால் முதல் வேலை அதுதான் என்றிருந்தாள். அடியில் அத்தான் கிடக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவேண்டும். அப்படி நினைத்துக்கொண்டே ஒவ்வொரு நாளும் அத்தானுக்கும் சேர்த்து உலை வைப்பாள்.

ஈசான மூலைக்குப் போனால் கிணற்றைக் காணவில்லை. வெள்ளையடித்த ஒரு தூபி நின்றது. படைவீரர்களின் நினைவாம். வளவு எங்களுக்கு, அந்த மூலை மட்டும் ஆமிக்கு என்று கம்பிவேலியும் அடித்திருந்தார்கள்.

எம்.பி. ஒலிவாங்கியைப் பிடித்தார். "நாட்டைக் காத்த படைவீரருக்கு நாங்கள் எல்லாரும் கடமைப்பட்டிருக்கிறம்." கௌரவிப்பதற்கென்று தெற்கிலிருந்து கூட்டிவந்த பழைய ஆமிக்காரர் ஒருவர், ஒரு கால் இல்லாதவர், ஊன்றுகோலோடு வெயிலில் நின்று அதைக் கேட்டார். கதிரைகளில் பெரிய மனிதர்கள் இருந்தார்கள்.

பேச்சு முடிந்ததும் அக்கா எம்.பி.யிடம் போனாள். "தம்பி, உந்தத் தூபிக்குக் கீழை எங்கடை கிணறு கிடக்கு. அதைத் திறந்து தாங்கோ."

"என்னக்கா கதைக்கிறியள்? உதிலை கிணறே இருந்ததில்லையாம். விசாரிச்சனான். வீரர்களின்ரை தூபியிலை கைவைக்கிறது பெரிய குற்றம்."

அக்கா நிலத்தைக் காட்டினாள். கிணற்றை மூடியவர்கள் சுற்றுச்சுவரை இடித்திருந்தார்கள், தண்ணீர் இறைக்கிற துலாவைச் சரித்திருந்தார்கள். உடுப்புத் தோய்க்கிற கல்லையும், வாழைகளுக்குத் தண்ணீர் போன சீமெந்து வாய்க்காலையும் மறந்துபோனார்கள். வாய்க்கால் கம்பிவேலிக்குக் கீழால் நேரே போய்த் தூபியில் முட்டி நின்றது.

"அப்ப உந்த வாய்க்கால் ஆருக்குக் கட்டினது? தூபியே உந்தக் கல்லிலை உடுப்புத் தோய்ச்சது?"

எம்.பி. மணிக்கூட்டைப் பார்த்தார், பல்லைக் காட்டினார், வாகனத்தில் ஏறிப் போனார். மற்ற வாகனங்களும் பின்னால் போயின. கால் இல்லாதவரை ஒருவரும் ஏற்றவில்லை. படம் எடுத்து முடிந்துவிட்டதே.

அவர் எங்களிடம் பஸ்ஸுக்கு வழி கேட்டார். அக்கா போத்தல் தண்ணீரை நீட்டினாள். குடித்துவிட்டு, தூபியைப் பார்த்தபடி தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"அக்கா, இங்க கிணறு இருந்தது. நல்ல தண்ணி. இந்த முகாமில இருக்கும்போது நான் குளிச்சது. பிறகு பெரிய ஆபிசர் சொன்னது, இதில தண்ணி அள்ள வேணாம். அதுக்குப் பிறகு மண் போட்டது."

அக்கா அவருக்குக் கிட்டப் போனாள். "வழக்குப் போட்டால் உதைக் கோட்டிலை வந்து சொல்லுவியளோ?"

"பென்சன் நிப்பாட்டும், அக்கா. இப்பவே ஒழுங்கா இல்ல."

எம்.பி. சொன்ன கடமைப்பாடு இதுதான். படைவீரருக்குத் தூபி கட்டுவார்கள், இருக்கக் கதிரை கொடுக்கமாட்டார்கள். அவர் வாயைத் திறந்தால் சோற்றில் மண் அள்ளிப் போடுவார்கள். இவர்கள் முகத்தில் காறித் துப்பினால் எச்சிலுக்குத்தான் கேவலம்.

அவரை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். அக்கா தோய்க்கிற கல்லில் குந்தியிருந்தாள்.

"தண்ணி அள்ள வேண்டாமெண்டு சொல்லியிருக்கிறாங்களடா" என்றாள்.

கோப்பாய் வாடகை வீட்டுக்கு வந்து உலை வைத்தபோது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் அரிசி போட்டாள்.