மெஷினுக்கு ரத்தம் கொடுக்க வந்தவர்கள்

1986-ல் எனக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. ரத்தமும் சளியுமாகப் போனது. எங்கள் வூட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். கடத்தூரில் பஸ் ஏறி தர்மபுரி காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழியில் எங்கே இறங்கி ஓடுவது என்ற பயத்திலேயே காலேஜ் நின்றுபோனது. ஊரில் கக்கூஸ் கிடையாது. ஓடைப் பக்கம் ஓடி ஓடிக் கால் துவண்டது. சபையாராகிய உங்களுக்குத் தெரியும், ஆராதனையில் பாட்டுக்கு எழுந்து நிற்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

பெருங்குடல் முழுக்கப் புண் என்று மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாத்திரைக்குக் கேட்கவில்லை. குடலை எடுத்துவிட்டு வயிற்றில் பை வைக்கலாம் என்றார்கள். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அங்கிருந்த ஒரு டாக்டரம்மா மட்டும், "அதுக்கு முன்னாடி ஒண்ணு பாக்கலாம்" என்றார். "ஒரு கையில ரத்தத்தை எடுத்து, புண்ணைக் கிளறிவிடற அணுக்களை மெஷின்ல வடிகட்டிட்டு, இன்னொரு கையில ஏத்திடுவோம். இந்த நோய்க்கு இது புதுசு. கேக்கும்னு உறுதி சொல்லமாட்டேன்."

அப்பா தலையாட்டிக் கேட்டுவிட்டு, துணிமணி எடுத்துவர ஊருக்குப் போனார்.

அவர் போன பிறகுதான் என் ரத்தத்தைச் சோதித்தார்கள். "உடம்புல ரத்தமே இல்லியே தம்பி. இப்ப மெஷின்ல போட முடியாது. முதல்ல ரத்தம் ஏத்தணும். ஆள் கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா ஆபரேஷன்தான்" என்றார் டாக்டரம்மா. அம்மா ரத்தம் எனக்குச் சேரவில்லை. மெட்ராஸில் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். "ஆண்டவரே, இந்த ஊர்ல எனக்கு ஒருத்தரையும் தெரியாது. உமக்குத் தெரியுமே" என்றேன். அதற்கு மேல் ஜெபிக்க வரவில்லை.

மறுநாள் காலை வார்டு வாசலில் சத்தம். அப்பா நிற்கிறார். பின்னால் நம் பாஸ்டர் ஐயா, சபையின் வாலிபர்கள், எங்கள் தெருக் கறிக்கடை பாய். "மெஷின் எம்பையன் ரத்தத்தைக் குடிக்குதுங்க" என்று அப்பா ஞாயிறு ஆராதனையில் எழுந்து அழுதிருக்கிறார். மெஷினுக்கு ஊற்ற ரத்தம் வேண்டும் என்று நினைத்து, எல்லோரும் மொரப்பூரில் ரயில் ஏறி வந்துவிட்டார்கள். ஜெபத்துக்கு வராத பாய்கூட விஷயம் கேட்டுக் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அவன் ரத்தத்தை அவனுக்கேதாங்க மெஷின் திருப்பிக் குடுக்கும்!"

அப்பா முகம் செத்துப்போனது. உடனே டாக்டரம்மா, "அட, போகாதீங்க! உங்களைத்தான் தேடிட்டு இருந்தோம். கையை நீட்டுங்க" என்றார்.

பாஸ்டர் ஐயா ரத்தம் சேரவில்லை. பாய் ரத்தமும் இரண்டு வாலிபர்கள் ரத்தமும் சேர்ந்தன. முழங்கையில் பஞ்சை அமுக்கிக்கொண்டு பாய் என் கட்டிலோரம் வந்தார். "கண்ணு, இனிமே பாட்டு நடுவுல ஆட்டுக்கால் சூப்பு ஞாபகம் வந்தா என்னைத் திட்டாதே."

"அவன் கஞ்சிக்கே மூஞ்சியத் திருப்பறான், நீங்க வேற பாய்!" என்று அம்மா சிரித்தார். அங்கே வந்த பிறகு அம்மா சிரித்தது அன்றைக்குத்தான்.

ரத்தம் ஏறியது. பிறகு மெஷினில் போட்டார்கள். இரண்டு கையிலும் ஊசி, அசையக்கூடாது. என் ரத்தம் குழாயில் போய்த் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே மனசுக்குள் பாடினேன். சில வாரம் இப்படிப் போனது. ரத்தப்போக்கு குறைந்தது, பிறகு நின்றது. கக்கூஸுக்குள்ளிருந்தே, "அம்மா, ரத்தம் இல்ல!" என்று கத்தினேன். ஆபரேஷன் தேவைப்படவில்லை.

பினாயில் வாசனை வந்தால் எல்லோரும் மூக்கைப் பொத்துகிறார்கள். எனக்கோ அந்த ஆஸ்பத்திரிக் காலைப்பொழுது ஞாபகம் வந்து மனசு ஏங்குகிறது. வராண்டாவில் வரிசையாக உட்கார்ந்து டீ குடித்த அந்த முகங்களை மறுபடி ஒருசேர எங்கே பார்ப்பேன்? அதில் இரண்டு பேர் பிழைப்புக்குப் பெங்களூர் போய்விட்டார்கள்.

நோய் திரும்பலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மாத்திரை சாப்பிடுகிறேன். படிப்பை முடித்துவிட்டேன். முன்பெல்லாம் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் ஜெபித்துவிட்டு இருந்துவிடுவேன். இப்போது ஜெபித்துவிட்டு பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிறேன்.

மெஷின் ரத்தம் குடிக்கும் என்றுதான் அப்பா இன்றைக்கும் சொல்கிறார். நான் திருத்துவதில்லை. அவருக்குச் சரியாகப் புரிந்திருந்தால் அன்றைக்கு ஒருத்தரும் வந்திருக்கமாட்டார்கள். வழி தெரியாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறவர்களே, ஆண்டவரிடம் சொல்லிவிடுங்கள். வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை. நாம் தப்பாகப் புரிந்துகொண்டதைக்கூட நமக்கு நன்மையாக்கத் தெரிந்தவர் அவர்.