படையல் சோறும் பாஸ்டரும்

சிட்னியிலிருந்து வரும் தமிழ்க் கிறிஸ்தவ மாத இதழில் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ‘படையல் சோறு உண்ட மெல்பேர்ன் போதகர்’ என்று தலைப்பு. படைத்ததைக் கிறிஸ்தவன் தொடவே கூடாதாம். பெயர் போடவில்லை. ஆனால் கிரான்பர்னில் பள்ளி மண்டபத்தில் தமிழ் ஆராதனை நடத்தும் வழுக்கைத் தலையர் என்று எழுதினால் அது வேறு யாராம்? விசுவாசத்துக்கும் வழுக்கைக்கும் என்ன தொடர்போ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நடந்தது இதுதான். பக்கத்து வீட்டு அண்ணர் இறந்துபோனார். சைவர். எங்கள் சபையில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டப் பழக்கியவர். முப்பத்தோராம் நாள் கிருத்தியத்துக்கு அவர் மனைவி வேலிக்கு மேலால் கூப்பிட்டார், போனேன். ஐயர் மந்திரம் சொல்லி, அண்ணருக்குப் படைத்து முடித்ததும், கராஜில் மேசை போட்டுப் பரிமாறினார்கள். கத்தரிக்காய்க் குழம்பு, வடை, பாயசம். வயிறாரச் சாப்பிட்டேன்.

இதழ் வந்த கையோடு சபைத் தலைவர் போன் எடுத்தார். சிரிப்பைக்கூட அளந்து செலவழிக்கும் மனிதர்.

“பாஸ்டர், ஞாயிற்றுக்கிழமை மேடையில பதில் சொல்லுங்கோ. இல்லாட்டி வேற ஆளைத்தான் பாக்க வேணும்.”

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மேடையை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை.

தப்ப ஒரு வழி இருந்தது. படைத்தது வாழையிலையில் தனியாக; நான் உண்டது குசினிச் சட்டியிலிருந்து வந்தது. அதைச் சொல்லி, இதழ்க்காரருக்கும் சுடச்சுட நாலு வசனம் கொடுப்பது என்று ஆயத்தமாகப் போனேன். மண்டப வாசலில் அண்ணரின் மனைவி, அந்த அக்கா, நின்றார், நெற்றியில் திருநீறு.

“என்னால உங்களுக்குக் கரைச்சலாம் எண்டு கேள்விப்பட்டன், தம்பி. நானும் வந்து இருக்கிறன்.”

கடைசிக் கதிரையில் போய் உட்கார்ந்தார். அவர் கண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டு, உங்கள் படையல் என் வாயில் படவில்லை என்று எப்படிச் சொல்வேன்?

“ஓம், சாப்பிட்டனான்,” என்றேன். “அழுதழுது சமைச்ச சோறு அது. திரும்பக் கூப்பிட்டாலும் போவன்.”

தலைவர் எழுந்தார். சரி, என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

“அண்டைக்கு எனக்கு வேலை,” என்று செருமினார். “வரேலாமப் போச்சு. அக்கா எங்கட வீட்டுக்குச் சாப்பாட்டுப் பார்சல் அனுப்பினவ.”

“வடை காணாதெண்டு திரும்பக் கேட்டு வாங்கினவர்,” என்றார் பக்கத்திலிருந்த அவர் மனைவி.

யாரோ சிரித்தார்கள். பிறகு எங்களுக்கும் வந்தது, எங்களுக்கும் வந்தது என்று அங்கங்கே கைகள் உயர்ந்தன. அப்பாடா! நெஞ்சிலிருந்த கல்லை யாரோ இறக்கி வைத்தது போலிருந்தது. இதழுக்கு நான் பதில் எழுதவேயில்லை.

ஆராதனை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது அக்கா என்னிடம் வந்தார்.

“ஆண்டுத் திவசத்துக்கு உங்கட ஆக்கள் எத்தினை பேர் வருவினம், தம்பி?”

“எல்லாரும்தான்,” என்றார் தலைவர், என்னை முந்திக்கொண்டு.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் போனேன். அகோரப் பசி.