அம்மை குத்திக்கொண்டவர்கள்

ஞாயிறு ஆராதனை முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கோயில் முற்றத்தில் நின்ற கூட்டத்தைப் பார்த்து என் மைனி, "அம்மை குத்தினவியல்லாம் கையப் பொக்குங்க" என்றாள். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு கோட்டாற்றிலிருந்து எங்கள் ஊருக்கு வந்து அவளுக்கு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன. தழும்பு தெரியட்டும் என்று சிலர் சட்டையைச் சுருட்டியும் காட்டினார்கள். "இதுல யாரு அந்தப் புரைக்குத் தண்ணி கொண்டு போவிய?" என்று அடுத்துக் கேட்டாள். கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. என் கையும் இறங்கியது. இத்தனை வயதான பிறகும் அதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. மார்த்தாண்டத்துக்கு மேற்கே இருந்த எங்கள் ஊருக்கு, வைசூரி வராமல் தடுக்க அம்மை குத்துகிறவர் வந்தபோது எல்லோரும் வரிசையில் நின்றோம். சந்தைக்கு மரச்சீனிக் கிழங்கு சுமக்கும் ஒருத்தி மட்டும் வரவில்லை. புருஷன் இல்லாதவள். "குத்தினா காய்ச்சல் வரும். ரெண்டு நாளு கெடந்தா கஞ்சிக்கு எங்க போவேன்?" என்று சொல்லிக் கதவை அடைத்துக்கொண்டாள். அடுத்த வருஷம் ஊர் ஊராக வைசூரி பரவியபோது அவளுக்கும் நாலு வயது மகளுக்கும் கண்டது. தென்னை விளையின் கோடியில் கிடந்த ஓலைக் குடிசைக்கு, அந்தப் புரைக்கு, இருவரையும் மாற்றினார்கள். அதோடு ஊர் கையைக் கழுவிவிட்டது.

குத்திக்கொண்ட எங்களில் பாதிப் பேருக்குக் கோபம். "விளிச்சப்போ வரல்ல. இப்ப அவ பாடு" என்றார் சபை மூப்பர். மற்றவர்களுக்குப் பயம். குத்தியது பிடித்ததோ இல்லையோ, போய்ப் பார்த்தா சோதிப்பது என்றார்கள். நான் இந்தப் பயந்தவர்களின் பக்கம்.

கடைசியில் மைனியே தண்ணீர்க் குடத்தை எடுத்தாள். அவளுக்கு ஏழு மாதக் கைக்குழந்தை. பிள்ளைக்கும் பிறகு கொண்டுபோய் அம்மை குத்தியிருந்தது என்றாலும், குளித்து உடுப்பு மாற்றாமல் அவள் அதைத் தொடமாட்டாள். பகலெல்லாம் பிள்ளை என் இடுப்பில் பசும்பால் குடித்துக் கிடந்தது. புரைக்குப் போகாமலிருக்க ஒரு சாக்குக் கிடைத்ததே என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. அவளோ காலையும் மாலையும் தண்ணீரும் கஞ்சியும் கொண்டுபோனாள். அவர்களுடைய துணிகளை அங்கேயே கொதிக்க வைத்து அலசினாள்.

ஆறாம் நாள் காலையில் மைனிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. 'குத்தினவளுக்கும் வந்துட்டு' என்ற பேச்சு உச்சிக்கு முன்பே ஊரைச் சுற்றிவந்துவிட்டது. மூப்பர் எங்கள் வாசல் படிப்புரைக்கு வெளியே வந்து நின்றார். அவர் வீட்டில் குத்திக்கொண்ட பேரப்பிள்ளைகள் மூன்று பேர். அவர் முகத்தில் இப்போது கோபமே இல்லை, வெளிறிப்போயிருந்தது. அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மைனி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, இன்னைக்குக் காலத்த அவியளுக்குத் தண்ணி போவல்ல. நீ போவியா?"

எனக்கும் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டேதான் போனேன். போகாமல் அவள் முகத்தில் விழிக்க முடியாது என்பதால் போனேன். புரைக்குள் அந்தப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "மக்கா, தள்ளி வச்சிட்டுப் போ. ஒனக்கு வராண்டாம்" என்றாள். தண்ணீர் இல்லாமல் நாக்கு வறண்டு கிடந்தவள் எனக்காகப் பயந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சின்னவளின் தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தேன். அதற்குப் பிறகு பயம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது.

திரும்பி வந்தபோது, பிரசவம் பார்க்கும் வயத்தாட்டி மைனியின் அருகே உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தாள். "நெஞ்சு கல்லாட்டம் கெடக்கு. இது வைசூரியில்ல, பாலுகட்டுன காய்ச்சல். பிள்ளைய எடுத்து வச்சுக் குடு!" பிள்ளையை மடியில் போட்டோம். வலியில் மைனிக்குக் கண்ணீர் வழிந்தது, ஆனாலும் சிரித்தாள். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மறுநாள் காலை நான் குடத்தோடு கிளம்பும்போது மூப்பர் வழியில் நின்றார். தோளில் குடம். "எனக்கும் குத்தியிருக்குல்லா" என்றார், தரையைப் பார்த்தபடி. அவர் போனதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். பிறகு முறை வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஆள் சேர்ந்துவிட்டது.

தாயும் மகளும் பிழைத்தார்கள். முகமெல்லாம் குழி விழுந்தது, கண்கள் தப்பின. புரையைக் கொளுத்திவிட்டு வீட்டுக்கு வந்த சில வாரங்களில் அவள் மறுபடியும் கிழங்குக் கூடையோடு ரோட்டோரம் வந்து நின்றாள். நிறைந்த கூடையைத் தலைக்குத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். போகிற வருகிற யாரையும் அவள் கூப்பிடவில்லை. முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். நானும் மைனியும் அவளை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். எங்களுக்கு முன்பே, எதிரே வந்த மூப்பர் வேட்டியை மடித்துக் கட்டிக் குனிந்தார்.

"பிடி, மோளே. சந்தைக்கு நேரமாச்சு."