சன்னாசியின் லோரியும் ஒரு பிடி மஞ்சளரிசியும்

சன்னாசி பிடித்தால் உடும்புப் பிடிதான். ஜப்பான்காரன் ஓடும்போது ரப்பர் நாற்றங்காலுக்குப் பின்னால் போட்டுவிட்டுப் போன சின்ன லோரி அது. இஞ்சினுக்குள் பாம்பு குடியிருந்தது. தோட்டத்துத் தொரை தலையாட்டியதுதான் தாமதம், மாடு கட்டி இழுத்து வந்து லயத்து வாசலில் நிறுத்திவிட்டான்.

அன்றிலிருந்து அவன் பெண்டாட்டி தாயம்மாவுக்குக் கோலம் போட இடமில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்தால் மனுசன் வண்டிக்கு அடியில்தான் கிடப்பான். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிக் கழுவி இஞ்சினைப் புதுத் தாலி மாதிரி மின்ன வைத்தான். ஓட்டை விழுந்த ரேடியேட்டருக்குச் சீனத் தகரக்காரரிடம் ஈயம் வைத்து வந்தான். பின்னால் மெராந்திப் பலகை அடித்து, இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டுக் கூரையும் கட்டினான்.

"இனிமே வலி கண்ட பொம்பளைய மாட்டு வண்டியில ஏத்த வேணாம்லா" என்றான். தாயம்மா அதற்குப் பிறகு கோலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சிரம்பான் மோட்டார் ஆபீசில் வண்டியைக் காட்டிப் பர்மிட் வாங்க வேண்டும். கிளம்புகிற காலையில் அவள் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள், பொட்டு வைத்தாள். புது வண்டிக்கு வெறும் மடி ஆகாது என்று ஒரு பிடி மஞ்சளரிசியை முடிந்து சீட்டுக்கு அடியில் கட்டினாள். கம்யூனிஸ்டுக் கலவர காலம் அது. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று லயத்தைச் சுற்றிப் போட்ட முள்வேலியைத் தாண்டி ஒரு மணி அரிசி போகக் கூடாது. பிடிபட்டால் ஜெயில், வண்டியும் பறிபோகும். அது அவளுக்கும் தெரியும். ஆனால் மஞ்சள் தடவியதை எவள் அரிசி என்று நினைப்பாள்?

வேலிக் கேட்டில் மலாய்ப் போலீஸ் சார்ஜன் சீட்டுக்கு அடியில் கையை விட்டார். முடிச்சு வெளியே வந்தது.

சன்னாசிக்கு முகம் செத்துவிட்டது. "அடிப்பாவி, அரிசியா வச்ச?"

"அரிசி இல்லங்க, அட்சதை."

"உள்ள போடுறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதாண்டி!"

தாயம்மா இறங்கி சார்ஜன் முன்னால் போய் நின்றாள். "புக்கான் பெராஸ், துவான். சுடா குன்யிட்." அரிசி இல்லை ஐயா, மஞ்சள் ஆகிவிட்டது என்று தனக்குத் தெரிந்த மலாயில் அடித்துச் சொன்னாள்.

சார்ஜன் முடிச்சை அவிழ்த்து முகர்ந்தார். "ஓ, பெராஸ் குன்யிட்!" என்று சிரித்துவிட்டார். புது வீடு கட்டினால் அவர் அம்மாவும் இதைத்தான் தூவுவாளாம். ஆனாலும் சட்டம் சட்டம்தான், அரிசி கேட்டைத் தாண்டாது, இங்கேயே தூவிவிடு என்றார்.

"கொஞ்சமாச்சும் முடிஞ்சு வச்சுக்கிறேனே, துவான்."

"தாக் போலே!" முடியவே முடியாது.

மனசில்லாமல்தான் தூவினாள். முதலில் இஞ்சின் மூடி, பிறகு கூரை, கடைசியில் புருசன் தலை. போலீஸ்காரர்கள் வளர்த்த கோழிகள் ஓடிவந்து பொறுக்கின. கேட்டைத் திறந்துவிட்டார்கள்.

தாயம்மா ஏறிக்கொண்டதும் லோரி திணறி உறுமிப் புறப்பட்டது. சன்னாசிக்குச் சிரிப்பு வந்தது.

"சிரம்பான் ரோட்டுல இன்னொரு கேட்டு இருக்கு. மடிய நல்லா ஒதறுடி."

"ஒதறிட்டேன். நீங்க மொதல்ல தலைய ஒதறுங்க."